கலங்கல் ஓடையில் கட்டிய கடை

நம் வயதுக்காரர்கள் இப்போதெல்லாம் கல்யாணத்திலோ காரியத்திலோதான் பார்த்துக்கொள்கிறோம். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு முதுகுவலி, யார் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டு முடித்ததும் யாராவது ஒருவர் அந்தப் பேச்சை எடுத்துவிடுவார். "ஏய், நம்மூரு குளுகுளு கடை ஞாபகம் கீதில்ல?" உடனே எல்லார் முகமும் மலர்ந்துவிடும். ஒருத்திக்கு அங்கே முதன்முதலாகத் தின்ற கோன் ஐஸ். ஒருவனுக்கு வரிசையாக நிறுத்தியிருந்த சைக்கிள்கள். இன்னொருவனுக்குக் கண்ணாடிக் கதவு என்று தெரியாமல் போய் நெற்றியை முட்டிக்கொண்டது. நானும் உங்களோடு சிரித்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் பந்தி மேஜைக்குக் கீழே என் பாதம் இரண்டும் சில்லிட்டுப் போயிருக்கும். நீங்கள் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

நாம் ஏழாவது படித்த வருஷம் அது. மதுராந்தகத்திலிருந்து கடற்கரைப் பக்கம் போகிற ரோட்டில், நம் ஏரிக்கரைக்குக் கொஞ்சம் கீழே, லாரி லாரியாக மண்ணைக் கொண்டுவந்து கொட்டினார்கள். அந்த இடம் கலங்கல் ஓடை. ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலங்கல் மேல் வழிந்து அந்த ஓடை வழியாகத்தான் போகும். ஆனால் நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஏரி நிரம்பியதே இல்லை. ஓடையில் கருவேல முள்தான் இருந்தது. நாம் அங்கே ஓணான் துரத்தியிருக்கிறோம். நிலத்துக்காரர் மெட்ராஸிலேயே இருந்தவர், வந்தார், விற்றார், போனார். யாரோ பெரிய கம்பெனி வாங்கியிருக்கிறது என்றார்கள். கிராமத்து ஜனங்களுக்கு வேண்டியதெல்லாம், உரம் முதல் உள்பாவாடை வரை, ஒரே கூரைக்குக் கீழே கிடைக்கும் என்று மைக் கட்டிய ஆட்டோ ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போயிற்று.

பெரியவர்கள் பயப்பட்டார்கள். அதுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. டீக்கடையில், பஸ் ஸ்டாப்பில், ரேஷன் வரிசையில், எங்கே போனாலும் அந்தக் கடையைப் பற்றிய ஒரு பயம் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. உள்ளே போனால் கேமரா நம்மைப் படம் பிடித்து மெட்ராஸுக்கு அனுப்பிவிடுமாம். ஒரு பொருளைத் தொட்டுவிட்டு வாங்காமல் வந்தால் மணி அடிக்குமாம். அந்த ஏ.சி. குளிரில் கைக்குழந்தைக்கு மாந்தம் வந்துவிடுமாம். இத்தனை பயத்தில் தண்ணீரைப் பற்றி ஒருவர்கூட வாய் திறந்து நான் கேட்கவில்லை. அத்தனை பேருக்கும் அது கலங்கல் ஓடை என்று தெரியும்.

எங்கள் வீட்டில் அந்தப் பயம் வேறு மாதிரி நுழைந்தது. அம்மா அந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அப்பாவுக்கு ஒரு லோடு ஆட்டோ இருந்தது. மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளிலிருந்து பிள்ளையாரையும் புத்தரையும் வைக்கோல் சுற்றி ஏற்றிக்கொண்டு ஓட்டல்களுக்கும் பங்களாக்களுக்கும் கொண்டுபோய் இறக்குவார். ஆள் ஒல்லி. ஆனால் கடப்பாரையைக் கல்லுக்கு அடியில் கொடுத்து ஒரு அழுத்து அழுத்தினால் நாலு ஆள் தூக்க முடியாத சிலை மெல்லப் புரண்டு கொடுக்கும். அதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும். வண்டி ஓடுகிற மாதம் ஓடும், ஓடாத மாதம் வாசலில் நிற்கும்.

அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், எங்கள் தெருவிலேயே கடை வைத்திருந்தாள். நமக்கெல்லாம் அந்தக் கடைதான் அப்போது கடை. உத்தரத்திலிருந்து ஷாம்பு பாக்கெட்டுகள் சரம் சரமாகத் தொங்கும். தேன்மிட்டாய் பாட்டிலின் மூடி துருப்பிடித்து, திறக்கும்போது கிறீச்சென்று கத்தும். மண்ணெண்ணெயும் கருவாடும் ஊதுபத்தியும் கலந்த ஒரு வாசனை. கணவன் விட்டுப் போன பிறகு அந்தக் கடையை வைத்துத்தான் அத்தை நின்றாள்.

அம்மா வேலைக்குச் சேரப்போகிறாள் என்று தெரிந்த அன்றைக்கு அத்தை எங்கள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"என் வயித்துல அடிக்கிறதுக்கு அந்தக் கடை ஒண்ணு போதாதா? நீ வேற அதுல போயி நிக்கணுமா?"

"நான் போகலைன்னா வேற ஒருத்தி போவா, அண்ணி. இவரு வண்டி எத்தினி நாளா வாசல்லயே நிக்குது, நீங்களும் பாத்துகினுதானே கீறீங்க."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா வண்டிச் சக்கரத்தில் இல்லாத அழுக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சரிப்பா. நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டு அத்தை போய்விட்டாள். அன்றிலிருந்து அம்மாவும் அவளும் பேசிக்கொள்வதில்லை. எனக்கு மட்டும் தேன்மிட்டாய் கிடைத்துக்கொண்டிருந்தது.

கடை திறந்தபோது வாழைமரம் கட்டி, நாதஸ்வரம் வைத்தார்கள். கடலோரக் குப்பங்களிலிருந்துகூட ஷேர் ஆட்டோவில் பெண்கள் வந்து இறங்கினார்கள். அம்மாவுக்கு நீலக் கோட்டு ஒன்று கொடுத்திருந்தார்கள், கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை. புடவைக்கு மேல் கோட்டுப் போட்டு அவள் பில் கவுண்ட்டரில் நின்றபோது எனக்கு அவள் யாரோ மாதிரி இருந்தது. கூரையிலிருந்து ஒரு பெண் குரல் நல்வரவு சொல்லிற்று. நான் அண்ணாந்து பார்த்தேன், ஆள் இல்லை. மூலையில் கறுப்பாக ஒரு உருண்டை. அதுதான் கேமரா என்று பக்கத்தில் யாரோ குசுகுசுத்தார்கள். நான் பாவாடையை இழுத்துவிட்டுக்கொண்டேன். சோப்பு வரிசை, பிஸ்கெட் வரிசை, பூச்சி மருந்து வரிசை என்று எந்தப் பக்கம் போனாலும் அந்தக் கறுப்பு உருண்டை என்னையே பார்ப்பது போலிருந்தது.

அதைவிட என்னைக் கலக்கிய ஒன்றைச் சாயங்காலம் பார்த்தேன். வேலை முடிந்து வெளியே வரும் பெண்கள் வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருத்தியும் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து காட்டினாள், முந்தானையை உதறிக் காட்டினாள். அம்மாவும் உதறினாள். உதறும்போது என்னைப் பார்த்துவிட்டாள். "எல்லாருக்கும்தான் கண்ணு. ரூல்ஸு" என்றாள்.

மேனேஜர் திருச்சிப் பக்கத்து ஆள். சின்ன வயதுதான், இப்போது நினைத்தால் பையன் என்றே சொல்லலாம். அப்போது அவரைக் கண்டால் ஊரே ஒதுங்கி நின்றது. இங்கிலீஷில் போன் பேசுவார், ஷூ போட்டிருப்பார். மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடையை மூடி, சரக்கைக் கணக்கெடுப்பார்கள். அன்றைக்கு யாரும் உள்ளே போகவும் கூடாது, வெளியே வரவும் கூடாது. பெண்களை உள்ளே விட்டு, ஷட்டரை வெளியே இருந்து பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு மேனேஜர் செங்கல்பட்டுக்கு மீட்டிங் போய்விடுவார். பின்பக்கம் சரக்கு இறக்குகிற கதவுக்கும் அதே வளையத்தில் சாவி. மேலிடத்து உத்தரவாம்.

முதல் தடவை அப்படிப் பூட்டியதும் அம்மா வீட்டுக்கு வந்து சொன்னாள். "ஒரு மாதிரி கீதுங்க. மூச்சு முட்டுற மாதிரி."

"வெளியாளு எவனும் உள்ள வர முடியாதில்ல? பொம்பளைங்களுக்குப் பாதுகாப்புதானே" என்றார் அப்பா. தெருவில் மற்ற புருஷர்களும் அதையேதான் சொன்னார்கள். பூட்டு என்றால் பாதுகாப்பு என்று அத்தனை பேரும் நம்பினார்கள். யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அத்தையின் கடை ஓய்ந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பார்ப்பேன். தராசைத் துடைத்துக்கொண்டிருப்பாள். துடைத்த தராசையே மறுபடியும் துடைப்பாள். ஒரு நாள் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு அவள் அந்தப் பெரிய கடைக்குள் போய்விட்டு வந்ததாக ஊரில் பேசிக்கொண்டார்கள். என்னிடம் கேட்டாள்: "அங்க வெல்லம் எங்க வெச்சிருக்கான் தெரியுமா? பளபளன்னு கீது. கையில எடுத்துப் பாத்தேன். நான் விக்கிறதுதான். அதே மண்டி வெல்லம்." அவள் குரலில் கோபம் இல்லை. அவள் பயந்து போயிருந்தாள். பெரியவர்கள் பயப்படும்போது பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும், இல்லையா?

ஐப்பசியில் பிடித்த மழை அந்த வருஷம் விடவில்லை. வீட்டுச் சுவர் உள்பக்கமும் வேர்த்தது. துணி காயாமல் நாறியது. பள்ளிக்கூடம் மூடினார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். கார்த்திகை பிறந்ததும் ஏரி கடல் மாதிரி கிடக்கிறது என்று பார்க்கப் போனவர்கள் வந்து சொன்னார்கள். சொன்னவர்கள் முகத்தில் சந்தோஷம்தான் இருந்தது. எத்தனையோ வருஷமாகக் காணாத தண்ணீர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கரண்ட் போய்விட்டது. கடையில் கணக்கெடுக்கும் நாள். மாற்றிவைக்க மாட்டார்களா என்று அம்மா முணுமுணுத்துக்கொண்டேதான் போனாள். அப்பா மாமல்லபுரத்தில் ஏற்றிய சிலையை இறக்கப் போயிருந்தார். உச்சி வேளைக்கு முன்னால் ஊருக்குள் பறைச் சத்தம் கேட்டது. ஏரி நிரம்பிவிட்டது, கலங்கல் வழிகிறது! ஊரே தட்டில் கற்பூரமும் பூவும் எடுத்துக்கொண்டு கரைக்கு ஓடிற்று. பூசணிக்காய் உடைத்தார்கள், வெடி வெடித்தார்கள். நீங்களும் அங்கேதான் இருந்திருப்பீர்கள். நானும் வந்திருப்பேன். அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோக வேண்டியிருந்தது.

ஷட்டரில் முகம் உயரத்துக்குச் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருக்கும். அதன் வழியாகக் கூப்பிட்டால் அம்மா உள்ளே கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வருவாள். கணக்கெடுக்கும் நாளில் டப்பாவோடு உள்ளே விடமாட்டார்கள்; சாப்பாட்டை உள்ளே கொடுக்கவும் வழி இல்லை. மேனேஜர் சாயங்காலம் சீக்கிரம் வந்து திறந்தால் சாப்பிடுவாள். அதுவரை செக்யூரிட்டியிடம் கொடுத்துவைக்க வேண்டும். அன்றைக்கு செக்யூரிட்டி இல்லை. அவர் வருகிற பஸ் ஓடவில்லை.

கடை முற்றத்தில் கால் வைத்ததும் கணுக்கால் நனைந்தது. மழைத் தண்ணீர் என்று நினைத்தேன். ஆனால் அது ஓடிக்கொண்டிருந்தது. கடைக்குப் பின்னாலிருந்து இரண்டு பக்கமும் பிரிந்து, செம்மண் நிறத்தில், சருகையும் முள்ளையும் இழுத்துக்கொண்டு வந்தது. ரோடு மேடு. தண்ணீர் ரோட்டைத் தாண்ட முடியாமல் முற்றத்திலேயே ஏறிக்கொண்டிருந்தது. நான் ஷட்டரைத் தட்டினேன்.

"அம்மா!"

"கண்ணு, நீ இன்னா இங்க வந்து நிக்கிற? வூட்டுக்குப் போ." அவள் குரல் அவள் குரலாக இல்லை. உள்ளே இருட்டு. பின்னாலிருந்து மற்ற பெண்கள் ஒரே சமயத்தில் பேசுகிற சத்தம். "உள்ள தண்ணி வந்துகினு கீது. பின்னாடிக் கதவு பக்கமா கொட்டுது. போன் செத்துப் போச்சு."

"சாவி?"

"அவருகிட்டதான்."

நான் அழ ஆரம்பித்தேன். அவள் ஓட்டை வழியாக ஒரு விரலை நீட்டினாள். அந்த ஒரு விரல்தான் வெளியே வந்தது. அதைப் பிடித்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி இருந்தது.

"அழாத. நான் சொல்றதைக் கேளு. அத்தைகிட்ட ஓடு. அண்ணியாண்ட போய்ச் சொல்லு, நாங்க உள்ள மாட்டிகினோம்னு. வேற யாராண்டயும் நின்னு பேசிகினு இருக்காத. ஓடு!"

அந்த விரலை விட்டுவிட்டு ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ரோட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தபோது ஷட்டருக்கு அடியிலிருந்து வெள்ளையாக ஏதோ பொங்கி வந்துகொண்டிருந்தது. நுரை. உள்ளே சோப்புத்தூள் மூட்டைகள் கரைந்துகொண்டிருந்தன. அதோடு பூச்சி மருந்து நெடி வந்து மூக்கைத் துளைத்தது. தண்ணீரைவிட அந்த நுரையைப் பார்த்துதான் நான் வேகமாக ஓடினேன். கடையே வாயில் நுரை தள்ளுவது போலிருந்தது.

அத்தை கடையில்தான் இருந்தாள். கலங்கல் பார்க்கப் போகாதவள் தெருவில் அவள் ஒருத்திதான் போலிருக்கிறது. நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் எழுந்துவிட்டாள். கடையைச் சாத்தக்கூட இல்லை. "உங்கம்மாவா அனுப்பிச்சா? என்கிட்டயா?" என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினாள். வழியில் கலங்கலிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்துக் கத்தினாள். "டேய், பொம்பளைங்க உள்ள கீறாங்கடா! கடை முழுவுதுடா!" அவர்கள் நெற்றியில் விபூதியோடு எங்களுக்குப் பின்னால் ஓடி வந்தார்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் வண்டியும் வந்து ரோட்டில் நின்றது. சிலையை இறக்கிவிட்டுத் திரும்பியவர் கூட்டத்தைப் பார்த்து நிறுத்தியிருந்தார். முற்றத்தில் இறங்கினால் தண்ணீர் அவர் தொடை வரைக்கும் இருந்தது. ஷட்டர் பூட்டு இரண்டும் தரையோடு, தண்ணீருக்கு அடியில். மேனேஜருக்குப் போன் போட்டார்கள், போகவில்லை. உள்ளே பெண்கள் ரேக்குகளின் மேல் ஏறிவிட்டார்கள். ஏதோ ஒரு ரேக் சாய்ந்து விழுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் வந்த அலறல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"கடப்பாரையை எடு" என்று யாரோ சொன்னார்கள். அப்பா வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார்.

இனி நடந்ததை நீங்கள் நம்பினாலும் நம்பாவிட்டாலும் சரி. அத்தனை ஆம்பிளைகளும் அந்த ஷட்டருக்கு முன்னால் நின்றார்கள். ஒருவரும் கிட்டே போகவில்லை.

"கம்பெனி சொத்துடா. கேஸ் போட்ருவான்."

"மேல பாரு. கேமரா."

வாசலுக்கு மேலே அந்தக் கறுப்பு உருண்டை. மழையில் நனைந்து பளபளவென்று இருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். ஒருவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அப்பா கடப்பாரையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே ஓங்கினார். ஓங்கியபடியே நின்றார். மழை அவர் முகத்தில் வழிந்தது. என் அப்பா, மலை மாதிரிச் சிலையைப் புரட்டுகிற அப்பா, அந்தக் குன்றிமணிக் கண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காலையிலிருந்து கரண்ட் இல்லை. அந்தக் கேமரா செத்துக் கிடந்தது. அது அங்கிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கே அது தோன்றியது பல வருஷம் கழித்து, வேறு ஏதோ கடையில் கரண்ட் போனபோதுதான்.

அத்தை தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அப்பாவுக்குப் பின்னால் வந்து நின்று, அவர் தலைக்கு மேலிருந்த கடப்பாரையைக் கையிலிருந்து வாங்கினாள். பிடுங்கவில்லை, வாங்கினாள். அங்கே நின்ற எல்லாரையும்விட அவளுக்குத்தான் அதிகம் பயப்படக் காரணம் இருந்தது. போட்டிக்கடைக்காரி பொறாமையில் உடைத்தாள் என்று சொல்ல யாருக்கு எவ்வளவு நேரம் ஆகும்?

"தள்ளி நில்லுங்கடி உள்ள!" என்று கத்திவிட்டு ஷட்டரின் தகட்டில் குத்தினாள். தகரம் நெளிந்தது. இன்னொரு குத்து. கிழிந்தது. அவ்வளவுதான், அதுவரை நின்றவர்கள் எல்லாரும் பாய்ந்தார்கள். அப்பாவும் பாய்ந்தார். யார் கை எது என்று தெரியவில்லை. நெம்பினார்கள், இழுத்தார்கள், தகட்டின் விளிம்பு கிழித்துக் கையெல்லாம் ரத்தம். ஆள் நுழைகிற அளவுக்குத் திறந்ததும் உள்ளேயிருந்து நுரையும் பாக்கெட்டுகளும் ஒரு நீலக் கோட்டும் அடித்துக்கொண்டு வெளியே வந்தன. கோட்டு மட்டும் வருவதைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. யாரோ என்னைத் தூக்கி ரோட்டில் உட்கார வைத்தார்கள்.

பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்திக்குக் கை ஒடிந்திருந்தது. அம்மா கடைசியில் வந்தாள். கோட்டு அவள் உடம்பில் இருந்தது. மிதந்து வந்தது வேறு யாருடையதோ. அவள் தலைமுடியில் நுரை. என்னைத் தேடினாள், கட்டிக்கொண்டாள். அவள் மேலே பூச்சி மருந்து வாடை அடித்தது. பிறகு அத்தையைப் பார்த்தாள். அத்தை தன் முந்தானையைப் பிழிந்து அம்மாவின் கண்ணைத் துடைத்துவிட்டாள். மருந்து பட்டிருக்கும் என்று சொன்னாள்.

பயம் அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் வரை கடையிலிருந்த சரக்கு தண்ணீரோடு வயல்வெளியெல்லாம் போயிற்று. சோப்பு, எண்ணெய் பாக்கெட், செருப்பு, பிளாஸ்டிக் குடம். ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்து வைத்துக்கொண்டார்கள். மறுநாள் போலீஸ் ஜீப் வருகிறது என்று யாரோ கிளப்பிவிட, எடுத்ததையெல்லாம் பொதுக்கிணற்றில் கொண்டுபோய்ப் போட்டார்கள். வாளி விட்டால் நுரையோடுதான் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீரில் சமைத்த சோற்றிலும் எலுமிச்சைச் சோப்பு மணம். அதையும் தின்றோம். வாசலில் எந்த வண்டி நின்றாலும் கதவைச் சாத்தினோம். அத்தையைத்தான் பிடித்துக்கொண்டு போகப் போகிறார்கள் என்று தெருவே பேசிற்று. கடப்பாரையை மாட்டுக்கொட்டகையில் ஒளித்துவைக்கச் சொன்னார்கள். அத்தை கடையைச் சாத்தவில்லை. கடையில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடவில்லை என்று அம்மா தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

தண்ணீர் வடிந்ததும் மெட்ராஸிலிருந்து கம்பெனி அதிகாரி வந்தார். கூட ஒரு போலீஸ்காரர். மேனேஜர் ஷூவெல்லாம் சேறாக ஓரமாக நின்றார். வண்டி நிறுத்துகிற கொட்டகையில் நாற்காலி போட்டு, ஊர் ஜனங்களை வரச் சொன்னார்கள். அப்பா கூப்பிட்டதால் நானும் அம்மாவும் போனோம். அத்தை தானாகவே வந்து நின்றாள்.

"ஷட்டரை உடைச்சது யாரு?" அதிகாரி சத்தம் போடவில்லை. தன்மையாகத்தான் கேட்டார். "உடைச்ச பிறகுதான் சரக்கு வெளியே போயிருக்கு. இன்சூரன்ஸ்காரங்க கேப்பாங்க. ஒரு ஆள் பேரு வேணும்."

கூட்டம் அசையவில்லை. தலைகள் மட்டும், தெரியாமல், அத்தை நின்ற பக்கம் திரும்பின. அந்தக் கடையில் இருந்த அத்தனை சரக்கும் ஒரு பெயரின் மேல் வந்து விழப்போகிறது என்று எனக்கே புரிந்தது. அத்தை வாயைத் திறக்கப்போனாள்.

"நான்தான் சார்" என்றார் அப்பா.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். கைகட்டி நிற்கவில்லை. தகரம் கிழித்த உள்ளங்கையில் துணி சுற்றியிருந்தது. "லோடு வண்டிக்காரன். கல்லு பொரட்டுற கடப்பாரை என்னுது. நான்தான் ஒடைச்சேன். எழுதிக்கங்க."

போலீஸ்காரர் அவர் பெயரைக் கேட்டார். அம்மா என் கையை விட்டுவிட்டு அப்பா பக்கத்தில் போய் நின்றாள்.

"உள்ள நாங்க இருந்தோம் சார். வெளிய பூட்டிட்டுப் போயிருந்தாங்க. அதையும் எழுதிக்கங்க."

"ஆமா, நானும் இருந்தேன்" என்றது ஒரு குரல். "நானும்." கை ஒடிந்தவள், கட்டோடு, "இதையும் எழுதிக்கோ சாரு" என்று கையைத் தூக்கிக் காட்டினாள்.

அதிகாரி மேனேஜரைத் திரும்பிப் பார்த்தார். "பூட்டியிருந்ததா?" என்று இங்கிலீஷில் கேட்டிருக்க வேண்டும். மேனேஜர் தமிழில் பதில் சொன்னார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "ஆமா சார். நான்தான் பூட்டினேன். மாசாமாசம் பூட்டச் சொல்லி நீங்கதான் சார் உத்தரவு அனுப்பினீங்க."

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு வியர்க்கிற நாள் இல்லை அது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அவரும் பயந்துவிட்டார். போலீஸ்காரரிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அப்பா பெயரை யாரும் எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் ஜீப் கிளம்பிப் போய்விட்டது. மேனேஜரும் அதே ஜீப்பில் போனார், பிறகு அவரை நாங்கள் பார்க்கவே இல்லை.

கடை மறுபடி திறக்கவில்லை. அந்தக் கட்டடத்தில் பிறகு கொஞ்ச காலம் சிமென்ட் மூட்டை அடுக்கினார்கள். அம்மா சிறுசேரியில் ஒரு கம்பெனி கேன்டீனுக்கு வேன் ஏறிப் போய் வந்தாள். போன முதல் நாள் அந்தக் கட்டடத்துக்கு இன்னொரு வாசல் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொட்டாளாம். நானும் எந்த மாலுக்குப் போனாலும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். என் பிள்ளைகளுக்கு அது ஒரு கேலி. ஆனால் அதெல்லாம் பின்னால்.

அன்றைக்கு, ஜீப் போன பிறகு, நாங்கள் நாலு பேரும் ஏரிக்கரை வழியாக நடந்து வந்தோம். கலங்கலில் தண்ணீர் இன்னும் சன்னமாக வழிந்துகொண்டிருந்தது. அப்பா முன்னால் நடந்தார். பாதி தூரம் வந்ததும் அப்பா நின்றார். திரும்பாமலே சொன்னார்.

"அடிக்கணும்னுதான்க்கா ஓங்கினேன். கை எறங்கல."

அத்தை அவர் பக்கத்தில் போனாள். துணி சுற்றிய அந்தக் கையை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள்.

"தெரியும்டா தம்பி. ஒம் பின்னாடிதானே நின்னுகினு இருந்தேன்" என்றாள். துணியை மறுபடியும் சுற்றி, பல்லால் கடித்து முடிச்சைப் போட்டுவிட்டாள். "வா, நட. எனக்குப் பசிக்குது."